இரண்டாவது சத்தத்துக்கு முன்

2018 ஜூன் 25. ராமேஸ்வரம் தீவு, தங்கச்சிமடம், அந்தோணியார்புரம். ஒரு மீனவர் வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி ஒரு பெட்டியில் தட்டியது. அதன் கீழே இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னும் பல. எல்லாம் துருவேறிக் கிடந்தன, உள்ளே ஆயிரக்கணக்கான தோட்டாக்கள். எண்பதுகளில் இலங்கைத் தமிழ் இயக்கங்கள் இந்தக் கரையில் நடமாடிய காலத்தில் புதைத்தவையாக இருக்கும் என்று போலீஸ் சொன்னது. தெருவை அடைத்தார்கள், நிபுணர்கள் வந்தார்கள், டிவிக்காரர்கள் வந்தார்கள்.

அதே தங்கச்சிமடத்தில் அதற்குப் பதினைந்து மாதம் முன்னால், 2017 மார்ச் 6 இரவு, கச்சத்தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போன இளைஞர் ஒருவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். சுட்டது இலங்கைக் கடற்படை என்றார்கள் உடன் போனவர்கள். நாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. ஊர் திரண்டு நாள்கணக்கில் போராடியது. ஒரே ஊரில் ஒரு தோட்டா கடலிலிருந்து வந்தது, மற்றவை மண்ணுக்குள்ளேயே இருந்தன. மண்ணில் இருந்தவை முப்பது வருடமாக யாரையும் ஒன்றும் செய்யவில்லை. அதன் மேல் குழந்தைகள் விளையாடியிருப்பார்கள், கருவாடு காயப்போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குள் வந்த கேள்வி கொஞ்சம் விநோதமானது, ஆனால் விட்டுப்போகவில்லை. ஆயுதத்தைப் புதைக்கலாம், அழிக்கலாம், பூட்டி வைக்கலாம். இவை எதுவும் செய்யாமல், ஆயுதத்தை ஆயுதமாகவே வைத்துக்கொண்டு அதை *மெதுவாக்கினால்* என்ன ஆகும்? மெதுவான துப்பாக்கி வேகமான துப்பாக்கியைவிட நல்லதா? 'நல்லது' என்ற சொல்லை அங்கே போட நமக்கு உரிமை உண்டா?

இது வெறும் கற்பனைக் கேள்வி என்று நினைத்துவிட வேண்டாம். உலகத்தில் பல இடங்களில் சட்டமே இதைச் செய்கிறது. அரைத் தானியங்கித் துப்பாக்கி என்றால், ஒரு முறை சுட்டதும் அந்த வெடிப்பின் விசையே காலிக்கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். சுடுகிறவர் விசையை மட்டும் திரும்ப அழுத்தினால் போதும். கையால் இயக்குகிற துப்பாக்கியில் அந்த வேலை மனிதனுடையது. ஒவ்வொரு முறையும் கை நகர்ந்து, இழுத்து, தள்ளி, அப்புறம்தான் அடுத்தது. இரண்டு குண்டுகளுக்கு நடுவில் ஒரு கை இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கையைப் பற்றித்தான்.

இங்கிலாந்தில் 1987 ஆகஸ்டில் ஹங்கர்ஃபோர்டு என்ற சிற்றூரில் ஒரே ஆள் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த வருடமே அங்கே அரைத் தானியங்கி ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன, சிறிய .22 தவிர. தடை வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? அதே உருவம், அதே கைப்பிடி, அதே கறுப்பு உடம்பு, ஆனால் தானாக ஏற்றிக்கொள்ளும் வேலை மட்டும் எடுக்கப்பட்டு கையால் இழுக்கும்படி செய்யப்பட்ட துப்பாக்கிகள் சட்டபூர்வமாக வந்தன. கலிஃபோர்னியாவின் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே 2001 முதல் கைத்துப்பாக்கிகளுக்கு ஓர் அனுமதிப் பட்டியல். ஒரே ஒரு குண்டு மட்டும் சுடுகிற பிஸ்டலுக்கு அந்தப் பட்டியலிலிருந்து விலக்கு. வியாபாரிகள் அரைத் தானியங்கியை ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியாக மாற்றி விற்றார்கள், வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய்ப் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, பிறப்பிலேயே கையால் இயங்கும் வகைகளுக்கு மட்டும்தான் விலக்கு என்று ஓட்டையை அடைத்தார்கள். உடனே அரைத் தானியங்கி உடம்பில் கையால் இயக்கும் பாகத்தை வைத்த பிஸ்டல் எப்படி இருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள் ஆர்வலர்கள். மனிதர்கள் இப்படித்தான். வேலி போட்டால் முதலில் வேலியின் உயரத்தைத்தான் அளப்பார்கள்.

சிரிப்பு வருகிறது, சரி. ஆனால் இந்த யோசனை நம்ம கரைக்குப் புதுசே இல்லை. பாக் நீரிணைக் கரையில் விசைப்படகுகள் வந்த பிறகு நாட்டுப்படகுக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் சண்டை, வலை அறுப்பு, உயிர்ச்சேதம்வரை போனது. அதற்குக் கண்ட தீர்வுகளைப் பாருங்கள். வாரத்தில் சில நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக்கூடாது. இரட்டைமடி கூடாது. சுருக்குமடிக்குத் தமிழ்நாடு தடை போட்டிருந்தது, 2023இல் உச்ச நீதிமன்றம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பகலில் மட்டும், குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதிவரை 61 நாள் தடைக்காலம். இதில் ஒன்றுகூட மீனவரின் மனசைப் பற்றிப் பேசவில்லை. 'பேராசைப்படாதே' என்று எந்த அரசாணையும் சொல்லவில்லை. நாளையும் தூரத்தையும் வலைக்கண்ணின் அளவையும்தான் சொல்கிறது. மனசை அளக்கக் கருவி கிடையாது, கருவியை அளக்கலாம்.

இந்த விதிகள் கடலில் எவ்வளவு மீறப்படுகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும், மீறல் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டிச் சண்டை போடவாவது விதி வேண்டியிருக்கிறது.

இனி, மெதுவாக்குவதன் இன்னொரு முகம். இதைச் சொல்லாமல் தாண்டினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

1857 எழுச்சிக்குப் பிறகு ஆங்கிலேயர்களுக்கு இந்தியச் சிப்பாய் கையில் நல்ல துப்பாக்கி இருப்பதே பயமாகிவிட்டது. என்ஃபீல்டு துப்பாக்கியின் குழலுக்குள் திருகுவரிகள் இருக்கும், அதனால்தான் குண்டு சுழன்று நேராக, தூரமாகப் போகும். இந்தியச் சிப்பாய்களுக்கென்று அந்த வரிகள் இல்லாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கியைக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே துப்பாக்கி. வெள்ளைக்காரச் சிப்பாயின் குண்டு நூறு கஜம் தாண்டியும் குறி தப்பாது, நம்மவர் குண்டு எங்கே போகும் என்று குண்டுக்கே தெரியாது.

பிறகு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை. அங்கே லீ என்ஃபீல்டு .303 ரைஃபிளை எடுத்து, .410 மஸ்கட் என்று மாற்றிப் போலீசுக்கும் சிறைக்காவலர்களுக்கும் கொடுத்தார்கள். பத்துத் தோட்டாக்கள் இருக்க வேண்டிய மேகசின் இடத்தில் ஒரு மரக்கட்டை. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுட வேண்டும். கூட்டத்தைக் கலைக்க இது போதும் என்பது ஒரு காரணம். துப்பாக்கி யார் கைக்காவது போய்விட்டால் அது ராணுவத் துப்பாக்கிக்கு ஈடாகிவிடக்கூடாது என்பது இன்னொன்று. மரக்கட்டையை நான் ரொம்ப நேரம் யோசித்திருக்கிறேன். அது கருணையின் அடையாளமா, சந்தேகத்தின் அடையாளமா? எதிரே நிற்கும் கூட்டத்துக்கு அது ஒரு வாய்ப்பு. ஏந்தி நிற்கும் இந்தியக் காவலருக்கு அது அவமானம், 'உன்னை நம்பவில்லை' என்று மரத்தில் எழுதிக் கொடுத்தது போல. ஒரே கட்டைதான்.

இந்தப் பகுதிக்கே அந்த வரலாறு இன்னும் பழசு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, அந்த வருடக் கடைசியில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் போட்ட பிரகடனம் பாளையக்காரர் நாடுகளில் ஆயுதம் ஏந்துவதைத் தடை செய்தது, கோட்டைகள் இடிக்கப்பட்டன. சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரியே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சொல்லிக்கொடுத்தவரைப் பிடிக்கும் வேட்டையிலும் அவர் இருந்தார். ஆயுதத்தைக் குறைப்பது என்ற பேச்சு வரும்போதெல்லாம் 'யாருடைய ஆயுதத்தை, யார் குறைப்பது' என்ற கேள்வி நம்ம மண்ணிலிருந்து தானாக எழும்புகிறது. அது எழும்பட்டும், நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டதாலேயே முதல் கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகிவிடாது.

மெதுவாக்குவதை ஆதரிக்கிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அழகானது. இரண்டு குண்டுகளுக்கு நடுவில் கை நுழைந்தால், கையோடு மனமும் நுழையும். இழுக்கும் அந்த ஒரு வினாடியில் 'வேண்டாம்' என்று ஒரு குரல் கேட்கலாம். இயந்திரம் ஓடும்போது மனிதன் வெறும் விரல், கை வேலை செய்யும்போது அவன் முழு மனிதன். படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நானும் நம்ப ஆசைப்பட்டவன்தான்.

ஆனால் 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். டயர் கொண்டுவந்தவர்களில் ரைஃபிள் வைத்திருந்தவர்கள் 50 பேர். அவர்கள் கையில் இருந்தது லீ என்ஃபீல்டு .303, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இயக்க வேண்டிய துப்பாக்கி. சுமார் பத்து நிமிடம். 1650 ரவுண்டு. அரசுக் கணக்கிலேயே 379 சாவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு 33 குண்டு, பத்து நிமிடத்தில். சராசரியாகப் பதினெட்டு வினாடிக்கு ஒரு குண்டு. பயிற்சி பெற்ற ஆள் அந்தத் துப்பாக்கியில் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு குறிபார்த்துச் சுடுவான். ஆக, அந்த ஐம்பது பேரும் துப்பாக்கியின் வேகத்தைவிட எவ்வளவோ மெதுவாகத்தான் சுட்டிருக்கிறார்கள். ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பதினெட்டு வினாடி. மனசாட்சி வந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம். வரவில்லை. 1650 முறை கை வேலை செய்தது, 1650 முறையும் கட்டளைக்காகவே வேலை செய்தது. கவச வண்டிகள் அந்தச் சந்துக்குள் நுழைந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்று டயர் ஹண்டர் கமிட்டி முன்னால் சொன்னான், அது வேறு.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ராமநாதபுரம், சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள் நாம். அரிவாளைவிடக் கையால் இயங்கும் ஆயுதம் வேறென்ன இருக்கிறது? ஒவ்வொரு வெட்டும் முழு உடம்பின் வேலை. அந்த வெட்டுகளுக்கு நடுவில் யார் மனசும் மாறியதாக எந்த எஃப்.ஐ.ஆரிலும் படித்ததில்லை. கையால் செய்வதெல்லாம் நிதானமானது என்று நம்புவதற்கு நம்ம ஊர்க்காரர்களுக்கு உரிமையே இல்லை.

அப்படியானால் கை என்பது ஏமாற்றுதானா? 'துப்பாக்கி கொல்வதில்லை, மனிதன்தான் கொல்கிறான்' என்ற அமெரிக்க வாசகத்திடம் தோற்றுப்போவதா?

பாம்பனில் ஒரு முதிய மீனவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். விசைப்படகில் டிரைவராக இருந்து ஓய்ந்தவர். எல்லை, வலை, ரோந்துப் படகு என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. சுடுவார்கள் என்று பயமில்லையா என்று கேட்டேன். கேட்கக்கூடிய கேள்விதானா அது, ஆனாலும் கேட்டேன். "பயமில்லாம என்ன தம்பி" என்றார். "மொத சத்தம் நமக்குத் தெரியாது. அது வந்துரும். ரெண்டாவது சத்தத்துக்குள்ள எல்லாரும் குப்புறப் படுத்துறணும். அவ்வளவுதான் நம்ம கைல இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "படபடன்னு வந்துச்சுன்னா எங்க படுக்குறது?" என்றார்.

எனக்குக் கேள்வியே திரும்பிவிட்டது அங்கே. இவ்வளவு நேரம் நாம் சுடுகிறவனின் பக்கம் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அவன் மனசு மாறுமா, அவன் தயங்குவானா, அவன் மனிதனாக இருப்பானா. தத்துவக்காரர்களுக்கு எப்போதுமே செய்கிறவன் மேல்தான் அக்கறை. துப்பாக்கியின் மறுபக்கத்தில் இருப்பவருக்கு அந்த இடைவெளி மனசாட்சிக்கான நேரமே கிடையாது. ஓடுவதற்கான நேரம், படுப்பதற்கான நேரம், பக்கத்தில் இருக்கும் பையனைக் கீழே இழுப்பதற்கான நேரம். கொல்கிறவன் ஒரு துளிகூட மாற வேண்டியதில்லை, முழு வெறுப்போடு இருக்கட்டும். அவன் கை அடுத்த குண்டுக்காக நகரும் நேரம் எதிரே இருப்பவருக்குச் சொந்தம்.

இப்படிப் பார்த்தால் ஜாலியன்வாலா பாக்கும் வேறு மாதிரி புரிகிறது. அங்கே பதினெட்டு வினாடி இருந்தது, ஆனால் வாசல் இல்லை. முக்கிய வாசலில் டயரின் ஆட்களே நின்றார்கள். மற்றவை ஒடுங்கிய வழிகள், சில அடைபட்டவை. ஆட்கள் கிணற்றில் குதித்தார்கள். இடைவெளி உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் இடைவெளியோடு ஒரு வழியும் வேண்டும். துப்பாக்கியின் அறம் துப்பாக்கிக்குள் மட்டும் இல்லை. எதிரே இருக்கும் சுவரில், சந்தில், கதவில் பாதி இருக்கிறது.

கடலில்? முப்பது நாற்பது அடிப் படகு, நடு இரவு, சுற்றிலும் தண்ணீர். கச்சத்தீவுப் பக்கம் 1974 ஒப்பந்தம் போட்ட கோடு யார் கண்ணுக்கும் தெரியாது, ஜி.பி.எஸ். திரையில் மட்டும் தெரியும். எல்லை தாண்டியது தவறு என்று சொல்லலாம், அந்தப் பக்கத் தமிழ் மீனவர்களின் வலையை இந்தப் பக்க இழுவைமடி நாசமாக்குகிறது என்பதும் உண்மை. யாழ்ப்பாணத்து மீனவர் ஒருவரிடம் கேட்டால் நம்மைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை வருவது கஷ்டம். ஆனால் இதற்கெல்லாம் வழக்கு உண்டு, பறிமுதல் உண்டு, சிறை உண்டு. அவற்றில் நாட்கள் இருக்கின்றன, மேல்முறையீடு இருக்கிறது. குண்டில் அது எதுவும் இல்லை. நிலத்திலாவது ஒரு சுவருக்குப் பின்னால் போகலாம். கடலில் ஒருவருக்கு இருக்கும் ஒரே மறைவு படகின் பலகையும், இரண்டு சத்தங்களுக்கு நடுவில் உள்ள நேரமும்தான்.

அதனால்தான் கலிஃபோர்னியக்காரர்களின் ஓட்டை விளையாட்டை நான் வெறும் சிரிப்பாகப் பார்க்கவில்லை. மாற்றியது திரும்ப மாறும் என்பதுதான் இதில் பெரிய சிக்கல். நம்ம பக்கத்திலேயே பாருங்கள். 1986 நவம்பரில் தமிழ்நாட்டுப் போலீஸ் இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1987 ஜூலையில் இந்திய இலங்கை ஒப்பந்தம், ஆகஸ்டில் பலாலியில் ஆயுத ஒப்படைப்பு என்று ஒரு நிகழ்ச்சி. அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. ஒப்படைத்தது கொஞ்சம், வைத்துக்கொண்டது மிச்சம். ஒரு ஆயுதம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா என்பதை அதன் பாகங்களைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. வைத்திருப்பவர் திரும்ப மாற்றுவதற்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று பார்க்க வேண்டும். என்.சி.சி.யில் பரேடுக்குத் தூக்கிய டி.பி. ரைஃபிள் ஞாபகம் வருகிறது. இனி சுடவே முடியாதபடி கெடுத்து வைத்த .303. எடை மட்டும் குறையவில்லை, தோள் வலிக்கும். அதைத் திரும்ப உயிராக்குவதைவிடப் புதிதாகச் செய்வது சுலபம். 'குறைத்தல்' என்றால் அது.

புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது போன பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், 95ஆம் பாட்டு. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவலில் இருக்கின்றன, அதியமானுடையவை முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஔவையின் கிண்டல், பயன்படாத ஆயுதம் பளபளக்கிறது என்பது. வகுப்பில் எல்லோரும் அதியமான் பக்கம்தான். உடைந்த முனைகள் எங்கே, யார் உடம்பில் உடைந்தன என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வாத்தியாரும் சொல்லவில்லை. இப்போது எனக்குத் தொண்டைமானின் நெய் பூசிய ஆயுதக் கிடங்கு அவ்வளவு கேலிக்குரியதாகப் படவில்லை.

2018 மே 22, தூத்துக்குடி. தங்கச்சிமடத்துப் பெட்டிகள் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்பு. ஸ்டெர்லைட்டுக்கு எதிராகக் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன மக்கள் மீது போலீஸ் சுட்டது, மொத்தம் 13 பேர் இறந்தார்கள். வேன் மேல் ஏறி நின்று குறி பார்க்கும் மஞ்சள் டிசர்ட் போலீஸ்காரரின் படம் உங்கள் போனிலும் வந்திருக்கும். அன்று பயன்பட்டவற்றில் எஸ்.எல்.ஆர். இருந்தது. அதாவது செல்ஃப் லோடிங் ரைஃபிள், தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. பெயரிலேயே கை இல்லை. வேடிக்கை என்னவென்றால், எஸ்.எல்.ஆரே ஒரு குறைக்கப்பட்ட ஆயுதம். பெல்ஜியத்தின் ஃபால் ரைஃபிள் விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து சுடக்கூடியது, தோட்டா வீணாகும் என்று ஆங்கிலேயர்கள் அந்த வசதியை நீக்கினார்கள், இந்தியாவும் அப்படியே செய்தது. பின்னால் வந்த இன்சாஸிலும் ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு என்று எல்லை வைத்தார்கள். எல்லாம் தோட்டாச் சிக்கனம். எதிரே நிற்பவரின் நேரத்தைக் கணக்கில் எடுத்து எந்தப் படையும் துப்பாக்கியைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீசைக் கடுமையாகக் குறை சொன்னது. கலைந்து ஓடியவர்களும் சுடப்பட்டார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கிறது. ஓடுகிறவர் என்றால் இடைவெளியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டவர். கூட்டம் கலைய வேண்டும் என்பதுதானே சூட்டுக்குச் சொல்லப்பட்ட நோக்கம்? அது நிறைவேறிக்கொண்டிருந்தபோதே அடுத்த குண்டு வந்தது.

2020 குடியரசு தினத்தன்று உத்தரப் பிரதேசப் போலீஸ் .303 ரைஃபிளுக்கு மரியாதையோடு விடை கொடுத்தது. அணிவகுப்பில் கடைசி முறையாகத் தூக்கினார்கள். இனி இன்சாஸும் எஸ்.எல்.ஆரும்தான், பழசை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டியதே அதிகம் என்று செய்திகள் எழுதின. போலீஸ் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான், எதிரில் ஏ.கே. 47 வைத்திருக்கும் ரவுடியிடம் பழைய துப்பாக்கியோடு யாரை அனுப்புவது? ஆனால் அதே துப்பாக்கி மறுநாள் ஏதோ ஒரு கலெக்டர் ஆபீஸ் வாசலுக்கும் வரும். அங்கே கூடி நிற்பவர்களுக்கு நேற்றுவரை இரண்டு சத்தங்களுக்கு நடுவில் இருந்த நேரம் அன்றைக்கு எவ்வளவு என்பதை அந்தச் செய்திகளில் எதுவும் கணக்குப் போடவில்லை.